இன்ஜெக்டருக்குக் காது கொடுத்தவர்

வண்டி ஓட வேண்டும் என்பதற்காக மனிதன் அதன் கோளாறைத் தேடுகிறானா, அல்லது தேடுவதற்கு ஒரு கோளாறு வேண்டும் என்பதற்காக வண்டி வாங்குகிறானா? ஸ்டூரே ஹெட்லோவின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்ததில்லை. அவருக்கு மட்டும் எழவில்லை.

அவரைத் தனி மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள், வாசகரே. அது ஓர் இனம். காரணக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். குழாய் ஒழுகினால் ஒருவர் வாளி வைப்பார், இன்னொருவர் வாஷர் மாற்றுவார். காரணக்காரர் இருவரையும் ஒதுக்கிவிட்டு, துளிக்கும் துளிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கப் போகமாட்டார். இன்னும் ஒரு நாள் விட்டுப் பார்த்தால் எந்த வகைக் காய்ச்சல் என்று தெளிவாகும் என்பார். கெட்டவரா? இல்லை. காய்ச்சல்மீது அவருக்கு உண்மையான அக்கறை இருக்கிறது. மனைவிமீதும் இருக்கலாம், அதை யாரும் ஆராய்ந்ததில்லை.

இந்த இனம் எல்லா நாட்டிலும் முளைக்கும். ஆனால் செழிப்பது எங்கள் சில்யான் ஏரிப் பக்கம்தான். இங்கே குளிர்காலம் நீளம், கொட்டகைகள் பெரிது, யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. காரணக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் ஊர் விவசாயி யேர்க்கர் மாடுகளை விற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. கொட்டகை மட்டும் இருக்கிறது. இலைகள் உதிரத் தொடங்கியதும் ஊரார் கோடையில் மட்டும் எடுக்கிற தங்கள் பழைய கார்களை ஓட்டி வந்து, டப்பாவில் மத்தி மீன் அடுக்குவதுபோல அதற்குள் அடுக்கி, மேலே போர்வை போர்த்தி, பானெட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எல்லா வண்டிகளும் வெளியே விடப்படும். முன்பெல்லாம் அதே ஞாயிறு மாடுகளை அவிழ்த்துவிடுகிற நாள். குளிர்காலம் முழுக்கக் கட்டிக் கிடந்த மாடுகள் புல்லைக் கண்டதும் கன்றுக்குட்டிபோலத் துள்ளுவதைப் பார்க்கச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். மாடுகள் போய்விட்டன, வருகிற வழக்கம் போகவில்லை. இன்றைக்கும் கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்கில் காப்பியும் மடியில் இலவங்கப்பட்டை ரொட்டியும் தோளில் குழந்தையுமாக ஜனங்கள் காத்திருப்பார்கள். மாடு துள்ளும், கார் இருமும். இருமலுக்கும் கைதட்டுவார்கள். நல்ல ஜனங்கள்.

கொட்டகைக்கு ஒரே ஒரு கதவு. ஆகவே ஒரே ஒரு விதி: கடைசியாக நுழைந்தது முதலில் வெளியேற வேண்டும். ஸ்டூரேயின் சிவப்புக் காரால் இந்த விதிக்கு இதுவரை ஆபத்து வந்ததில்லை. அது எப்போதும் உள் மூலையில் நின்றது. பல கோடைகளாக அங்கேயே நின்றது. ஒவ்வொரு மே மாதமும் மூலையில் நின்றபடியே ஆராயப்படும். ஆராய்ச்சி முடிவதற்குள் மறுபடி இலைகள் உதிர்ந்துவிடும். போன வருடம் யேர்க்கர் பின்சுவரைச் சரிசெய்வதற்காக அதை டிராக்டரில் கட்டி வெளியே இழுத்தார். சுவர் முடிவதற்குள் மற்ற வண்டிகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. மிச்சமிருந்த இடம் கதவோரம். சிவப்புக் கார் அங்கே நிறுத்தப்பட்டது.

அதற்கு நேர் பின்னால் நின்றது சோல்வேயின் நீலக் கார்.

சோல்வேய் மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து வெகுகாலம். இந்தக் குளிர்காலத்தில், யேவ்லே நகரத்தில் தேவாலயங்களின் ஆர்கன்களுக்குச் சுருதி கூட்டும் ஹால்வார் என்பவருடன் தொலைபேசியில் பேசத் தொடங்கியிருந்தாள். முதலில் ஏதோ விற்பனை விஷயமாகத்தான் பேச்சு. பனி உருகுவதற்குள் விற்பனை மறந்துபோய்ப் பேச்சு மட்டும் மிஞ்சியது. இருவரும் நேரில் பார்த்ததில்லை. அந்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ரெத்விக் படகுத்துறையில் சந்திப்பதாக ஏற்பாடு. அவர் ரயிலில் வருகிறார், அன்றைக்கே திரும்புகிறார். "உங்களை எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டிருந்தார். "கூரையைத் திறந்துவிட்டு நீலக் கார்ல வருவேன். உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சா போதும்" என்று சொல்லியிருந்தாள் சோல்வேய். சொன்ன பிறகு போனை வைத்துவிட்டு, தனியாக, கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கொட்டகைக் கதவு திறந்தது. ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஸ்டூரே சாவியைத் திருப்பினார். சிவப்புக் கார் கரகரத்தது, ஒரு தும்மல் போட்டது, அடங்கியது. கைதட்டல். மறுபடி திருப்பினார். கரகரப்பு, தும்மல், அமைதி. இந்த முறை கைதட்டல் கொஞ்சம் குறைவு.

வேறு யாராக இருந்தாலும் முகம் வாடியிருக்கும். ஸ்டூரேயின் முகத்தில் வெளிச்சம் பரவுவதை சோல்வேய் பார்த்தாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அந்த வெளிச்சம் அவளுக்குத் தெரியும். வகுப்பில் கடிகாரம் நின்றுபோன அன்றும் அவர் முகம் இப்படித்தான் இருந்தது. அந்தக் கடிகாரம் அதற்குப் பிறகு ஓடவே இல்லை.

"யாரும் கை வைக்காதீங்க!" என்றார் ஸ்டூரே. யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

அவர் நகராட்சியில் முப்பது வருடம் தண்ணீர்க் குழாய்க் கசிவு தேடியவர். நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, பூமிக்கடியில் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். தோண்டுவதும் அடைப்பதும் வேறு ஆட்களின் வேலை. அவர் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அடைத்தார்களா என்று திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது கம்பி இல்லை. அதற்குப் பதில் ஒரு நீளத் திருப்புளி. அதன் நுனியை இன்ஜினில் பெட்ரோல் தூவுகிற இன்ஜெக்டரின் மேல் வைத்து, கட்டைப் பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"யோத்தே, திருப்பு!"

யோத்தே ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். திருப்பச் சொன்னால் திருப்புவார், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். அதற்கு நடுவே கருத்தும் சொல்வார். சாவியைத் திருப்பினார்.

"ஒண்ணு, டிக்டிக்குனு அடிக்குது" என்றார் ஸ்டூரே, கண்ணை மூடியபடி. "ரெண்டு... பேச்சு மூச்சில்ல. மூணு... அதுவும் ஊமை. நாலு அடிக்குது."

"அப்ப ரெண்டும் மூணும் ஒட்டிக்கிச்சு" என்றாள் சோல்வேய். "பழைய பெட்ரோல் காஞ்சு பிசினாயிருக்கும். என்ன பண்ணலாம் சொல்லு."

ஸ்டூரே கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பாதிரியார் முன்னால் யாரோ விசிலடித்ததுபோல ஒரு பார்வை.

"பழைய பெட்ரோலைப் போன வருஷமே இறக்கிட்டுப் புதுசு ஊத்தியாச்சு சோல்வேய். நீ சொல்றது ஊகம்."

"சரி, ஊகம். வண்டியை வெளியே தள்ளிட்டு அப்புறம் யோசி. நாங்க நாலு பேரு தள்ளுறோம்."

"தள்ளுறதா? டேங்க் அடியில என்ன படிஞ்சிருக்குன்னு இன்னும் பாக்கல. ஆட்டினா கலங்கிடும். கலங்கினா அப்புறம் எதை வெச்சு ஆராயறது?"

அவள் யேர்க்கரைத் திரும்பிப் பார்த்தாள். டிராக்டர் அவருடையது, கொட்டகை அவருடையது.

"என்னைப் பாக்காதம்மா" என்றார் யேர்க்கர். "நனையாம வெச்சிருக்கறேன்னுதான் சொல்லியிருக்கேன். நனையல. நகர்த்தறது என் வேலையில்ல. ஆளு சம்மதிக்காம அவன் பொருளைத் தொடுறதா? அந்தப் பழக்கம் நம்ம ஊர்ல கிடையாது."

உண்மை. எங்கள் ஊரில் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரின் வீடு தீப்பிடித்தால்கூட, முதலில் மணியடித்து, ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம்.

ஆகவே ஆலோசனை தொடங்கியது. எங்கள் பக்கம் நாலு பேர் நின்றால் கூட்டம். காப்பி வந்துவிட்டால் ஆலோசனைக் கூட்டம். கயிற்றுக்கு அப்பால் இருந்தவர்களும் நாற்காலியோடு உள்ளே வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். முறை வைத்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் இடைமறிக்கக் கூடாது. யாருடைய கருத்தும் தவறு என்று சொல்லக் கூடாது. எலி ஒயரைக் கடித்திருக்கும் என்றார் ஒருவர். பம்பு என்றார் இன்னொருவர். தொத்திறைச்சி விற்றுக்கொண்டிருந்த அம்மாள், தனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்து மற்ற எல்லோரையும்விட நீளமாகப் பேசினாள். எல்லாவற்றுக்கும் ஸ்டூரே தலையசைத்தார், ஒன்றையும் ஏற்கவில்லை. எலிக்கட்சிக்காரர் சொன்னதில் மட்டும் சோதிக்க ஏதோ இருக்கிறது என்று, ஊமையாக இருந்த இன்ஜெக்டரின் ஒயரைக் கழற்றி, டிக்டிக் அடித்த இன்ஜெக்டரில் மாட்டினார். அடித்தது. அதன் ஒயரை ஊமைக்கு மாட்டினார். அடிக்கவில்லை.

"ஒயர்மேல குத்தமில்ல!" என்று அறிவித்தார். வட்டம் முழுக்க நிம்மதிப் பெருமூச்சு. நிரபராதி விடுதலையானதுபோல இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டார்கள். கார் நின்ற இடத்திலேயே நின்றது.

அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இரண்டு இன்ஜெக்டர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. காலையில் சோல்வேய் சொன்னதுதான். இனிமேல் ஆக வேண்டியதைப் பார்க்கலாம். உங்களைப் போன்ற சாதாரண மனிதர்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். காரணக்காரருக்கு ஒரு காரணம் கிடைப்பது என்பது அடுத்த காரணத்தின் கதவு திறப்பது. ஒட்டிக்கொண்டது, சரி; ஏன் ஒட்டிக்கொண்டது? பிசினால் என்றால் நாலும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமே. ஏன் இரண்டு மட்டும்? இரண்டு என்றால் ஏன் இந்த இரண்டு? ஏன் ஓரத்தில் இருப்பவை தப்பித்தன, நடுவில் இருப்பவை மாட்டிக்கொண்டன?

"நடுவுல சூடு ஜாஸ்தி, ரெண்டு பக்கமும் ஆள் இருக்குல்ல" என்றார் யோத்தே. "எங்க வீட்லயும் நடுப்பிள்ளைங்கதான் வாயே திறக்காதுங்க."

இதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. நடுப்பிள்ளைகள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

சூரியன் கொட்டகைக் கூரையைத் தாண்டிவிட்டது. சோல்வேய் தன் நீலக் காரின் கூரையைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் சிவப்புக் காரின் பின்புறம், அதற்கு அப்பால் திறந்திருந்த பானெட், அதற்கு அப்பால் ஒரு கீற்று ஏரி. தலையில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள்.

யோத்தே ஜன்னலில் குனிந்தார். "சோல்வேய், என் வண்டி ரோட்டுலதான் நிக்குது. நான் கொண்டுபோய் விடட்டுமா?"

"நீ நல்லவன்தான் யோத்தே. ஆனா அந்த மனுஷன் முதல்முதலா என்னைப் பாக்கும்போது நான் உன் பக்கத்துல உக்காந்திருக்கணுமா?"

யோத்தே யோசித்தார். "அதுவும் சரிதான்."

"பெட்டியில சாமான் கொண்டுபோறமாதிரி என்னைக் கொண்டுபோய் இறக்க வேண்டாம். நானே ஓட்டிக்கிட்டு வருவேன்னு சொல்லியிருக்கேன். அறுபத்தெட்டு வயசுல ஒருத்தர்கிட்ட இப்படிச் சொல்லியிருக்கேன். ஒரு தடவைதான் சொல்ல முடியும்."

இதைக் கொட்டகையில் எல்லோரும் கேட்டார்கள். கேட்காததுபோல எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். அதில் ஸ்டூரேயும் உண்டா என்று சொல்ல முடியாது. அவர் காதில் திருப்புளி இருந்தது.

யேர்க்கருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து தொண்டையைச் செருமினார். "ஒரு முடிவுக்கு வருவோம். இன்னைக்கு வண்டியைத் தள்ளலாமா வேணாமா?" மறுபடி ஒரு சுற்றுக் கருத்து. தள்ளலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்டூரே வருத்தப்படுவார் என்றும் எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில், எல்லோருக்கும் உடன்பாடான ஒரே முடிவாக, விஷயம் இன்னும் ஆய்வில் இருக்கிறது என்று முடிவானது. இதைவிடத் தைரியமான முடிவை எங்கள் ஊர் எடுத்து நான் பார்த்ததில்லை. பிறகு மேகம் விலகி நல்ல வெயில் வந்ததால், வட்டம் கலைந்து, நாற்காலிகள் புல்வெளிக்குப் போயின. எங்கள் பக்கம் வெயில் வந்தால் எதுவும் அதற்கு அப்புறம்தான்.

கொட்டகைக்குள் மிச்சம் இருந்தவர்கள் இரண்டு பேர். சோல்வேய் காரிலிருந்து இறங்கி, நெருக்கமாக நின்ற இரண்டு வண்டிகளின் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஸ்டூரே."

"ம்."

"அந்த ரெண்டையும் லேசாத் தட்டினா விட்டுக்கொடுக்கும்தானே? எங்க வீட்டுக்காரர் கட்டையால ரெண்டு தட்டுத் தட்டுவாரு. ஓடும்."

ஸ்டூரே திருப்புளியைக் காதிலிருந்து எடுத்தார். "ஓடும்" என்றார் பிறகு.

"காலையிலேயே தெரியுமா?"

"முதல் தும்மல்லயே தெரியும்."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்துகிற வழக்கமும் எங்கள் ஊரில் கிடையாது. "அப்ப ஏன்யா தட்டல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஸ்டூரே அவள் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் சரியான கேள்வி கேட்டுவிட்டதுபோல, உண்மையான அன்போடு சொன்னார்:

"தட்டினா ஓடும் சோல்வேய். ஓடிடுச்சுன்னா, ஏன் ஓடலைன்னு அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

நியாயத்துக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். சிந்தனையாளர்கள் என்று பெயர் எடுத்த பலரை நான் படித்திருக்கிறேன். பாராட்ட எனக்கு அவ்வளவு சீக்கிரம் வாய் வராது. ஆனால் இந்த வாக்கியத்தில் ஓட்டை இல்லை. எங்கே குத்தினாலும் நிற்கிறது. குணமான நோயாளியிடமிருந்து நோயைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? சமாதானமான தம்பதியிடம் சண்டை எங்கே தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்பார்கள், அதுதான் உண்மையும். ஓட்டை இல்லாத வாக்கியம்தான், சந்தேகமே இல்லை. அதற்குள் யாரும் குடியிருக்க முடியாது என்பது மட்டும்தான் குறை.

சோல்வேய்க்கு அதில் எதுவும் தோன்றவில்லை. அவள் படகுத்துறையை நினைத்தாள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற கார்களில் நீலத்தைத் தேடும் ஒருவரை நினைத்தாள். நீலம் வராது. அவர் ஒரு காப்பி குடிப்பார், இன்னொரு காப்பி குடிப்பார், ரயில் ஏறுவார். ஏன் வரவில்லை என்று போனில் கேட்கமாட்டார். கேட்காத வகை மனிதர். அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார். அது தப்பாக இருக்கும். அதோடு வாழ்ந்துவிடுவார்.

"சரி ஸ்டூரே" என்றாள். "நீ பாரு." கோபமில்லாமல்தான் சொன்னாள். தலையிலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். பிறகு வந்த வழியே நீலக் காரை நோக்கி நடந்தாள், கூரையை மூடுவதற்கு.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். டொக்.

அவள் திரும்பினாள். ஸ்டூரே திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கட்டைப் பிடி கீழே, நுனி மேலே. பானெட்டை மூடினார், உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார். சிவப்புக் கார் கரகரத்தது, தும்மியது, இன்னொரு முறை தும்மியது, பிறகு நாலு குரலிலும் பேசத் தொடங்கியது. கொட்டகைக்குள் நீலப் புகை. பல வருடங்களாக அந்த இன்ஜின் ஓடிக் கேட்டவர் யாரும் இல்லை. கயிற்றோரம் இருந்தவர்கள் வேறு யாருடைய வண்டியோ என்று நினைத்தார்கள். கார் மெல்ல வெளியே வந்து, ஒரு குலுங்கு குலுங்கி, புல்வெளியின் ஓரத்தில் போய் நின்றது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். யேர்க்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான் என்று சொன்னார்.

ஸ்டூரே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். நீலக் கார் அவரைக் கடக்கும்போது நின்றது. கூரை திறந்திருந்தது, மஞ்சள் துணி தலைக்குத் திரும்பியிருந்தது.

"ஏன் தட்டின?" என்று கேட்டாள் சோல்வேய்.

"காட்டுரோட்டுல மூஸ் மான் குறுக்க வரும்" என்றார் ஸ்டூரே. "பாத்துப் போ."

அவ்வளவுதான். படகுத்துறையில் ஹால்வார் இருந்தாரா? இருந்தார். மீதியெல்லாம் அவர்கள் விஷயம்.

ஏன் தட்டினார் என்பதைப் பற்றி ஸ்டூரே அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஊர் விடுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடுவதற்கு வண்டி எதுவும் இல்லாதபோதும், யேர்க்கரின் கொட்டகைமுன் நாற்காலிகள் வட்டமாகக் கூடின. பிளாஸ்க் வந்தது. சுற்று தொடங்கியது. பள்ளிக்கூடத்திலேயே அவருக்கு சோல்வேய் மேல் ஒரு இது இருந்தது என்றார் எலிக்கட்சிக்காரர். அலுப்புத்தான் காரணம் என்றார் யேர்க்கர். கை தவறி இரண்டு தடவை பட்டிருக்கும் என்று யோத்தே சொன்னார். நாலு தடவை என்று, புல்வெளியில் இருந்தபடியே சத்தத்தை எண்ணிய யாரோ திருத்தினார்கள். அது ஏன் நாலு என்று தொத்திறைச்சி அம்மாள் கேட்டாள். எல்லார் முகத்திலும் வெளிச்சம். விஷயம் இன்னும் ஆய்வில் இருக்கிறது.

நீங்கள், வாசகரே? உங்களிடமும் ஒரு காரணம் தயாராக இருக்கிறதல்லவா? அவள் துணியை மடித்த விதம்தான் என்கிறீர்களா? அல்லது கோபப்படாமல் "சரி" என்று சொன்னாளே, அதுவா? நன்றாக யோசியுங்கள், அவசரமில்லை. யோசித்து முடித்த பிறகு, முடிந்தால், ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள். ஹாரன்கூட அடிக்காமல், நீங்கள் நகர்வதற்காக, அங்கே யாரோ மரியாதையோடு காத்துக்கொண்டிருக்கலாம்.